விண்டோஸ் எக்ஸ்புளோரர் வழுக்கள்

விண்டோஸ் எக்ஸ்புளோரர் என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளத்தில் கோப்புகளையும் கோப்புறைகளையும் பார்வையிடவும், நகலெடுக்கவும், நகர்த்தவும், பெயர் மாற்றவும், நீக்கவும் உதவும் கோப்பு மேலாளர் ஆகும். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 உடன் அறிமுகமான இது, 2012 இல் விண்டோஸ் 8 பதிப்பில் ஃபைல் எக்ஸ்புளோரர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பணிப்பட்டை, தொடக்கப் பட்டி, மேசைத்தளம் ஆகியவற்றையும் இதே நிரலே இயக்கியது. ஆகையால் எக்ஸ்புளோரர் முடங்கும்போது கணினியே முடங்கிவிட்டதுபோல் பயனருக்குத் தோன்றுவதுண்டு.

இக்கட்டுரை 2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பின் எக்ஸ்புளோரரை மையமாகக் கொண்டு, அதன் இடைமுகத்தில் காணப்பட்ட சிறு வழுக்களை விளக்குகின்றது. இவற்றுட் பெரும்பாலானவை கணினியின் இயக்கத்தை நிறுத்துபவை அல்ல. ஆனால் வன்தட்டில் உள்ளதைப் பயனர் நேரடியாகக் காண்பதில்லை; கோப்பு மேலாளர் காட்டுவதையே காண்கிறார். அது காட்டுவதும் வட்டில் உள்ளதும் வேறுபடும் இடத்தில், சிறிய வழுவொன்று கோப்பு இழப்புக்கோ நச்சுநிரல் தொற்றுக்கோ இட்டுச்செல்லக்கூடும்.

முன்னோடியான ஃபைல் மேனேஜர்

எக்ஸ்புளோரருக்கு முன்னர், 1990 இல் வெளியான விண்டோஸ் 3.0 தொடங்கி ஃபைல் மேனேஜர் என்னும் நிரல் இப்பணியைச் செய்து வந்தது. இடைமுக வழு என்பதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று இந்நிரலில் இருந்தது. ஆண்டைக் காட்டுவதற்கு அது 1900 ஐக் கழித்து, மீதியைப் பத்தால் வகுத்து, ஈவையும் மீதியையும் தனித்தனி இலக்கங்களாக எழுதியது. 1995 எனில் 95. ஈவு 9, மீதி 5. இது சரியாக வந்தது. 2000 ஆம் ஆண்டிலோ கழித்து வருவது 100; பத்தால் வகுத்தால் ஈவு 10. பத்து என்பதற்குத் தனியொரு இலக்கம் இல்லை. ஆஸ்கி குறிமுறையில் 0 இன் எண் 48. அதனுடன் 10 ஐக் கூட்டினால் 58. அவ்வெண்ணுக்கு உரியது முக்காற்புள்ளி. ஆகவே 2000 ஆம் ஆண்டுக் கோப்புகளின் ஆண்டு ":0" எனத் திரையில் தோன்றியது. 2001 ஆனது ":1" ஆயிற்று.

வட்டில் பதிவான நாள் சரியாகவே இருந்தது; திரையில் எழுதும் பகுதி மட்டுமே பிழைபட்டது. மைக்ரோசாப்ட் இதற்குத் திருத்தப்பட்ட ஃபைல் மேனேஜர் ஒன்றை இலவசமாக வழங்கியது. 2000 ஆம் ஆண்டுச் சிக்கல் குறித்து உலகெங்கும் எழுந்த பேரச்சத்தோடு ஒப்பிட்டால் இது நகைப்புக்குரிய அளவு சிறியது. எனினும் அச்சிக்கலின் இயல்பை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

வலது சொடுக்கும் மையச் செயலியும்

விண்டோஸ் எக்ஸ்பி இல் ஒரு கோப்பின் மீதோ கோப்புறையின் மீதோ சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்கினால் சூழற்பட்டி தோன்றும். சில கணினிகளில் அப்பட்டி திறந்திருக்கும் வரை மையச் செயலியின் பயன்பாடு 100 விழுக்காட்டை எட்டியது. பட்டியை மூடியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. இடைப்பட்ட நேரத்தில் நடந்துகொண்டிருந்த நகலெடுப்புகள் நின்றன; வலையமைப்பின் வேகம் குறைந்தது; ஒலித்துக்கொண்டிருந்த பாடல் விட்டுவிட்டு ஒலித்தது.

பட்டிகள் மெல்ல மறைந்து தோன்றும் அசைவூட்டமே இதற்குக் காரணமாக இருந்தது. மைக்ரோசாப்ட் தன் ஆதரவுக் குறிப்பில் இரண்டு மாற்றுவழிகளைப் பரிந்துரைத்தது. ஒன்று, காட்சிப் பண்புகளில் பட்டிகளுக்கும் கருவிக்குறிப்புகளுக்கும் உரிய மாற்ற விளைவை அணைத்துவிடுதல். மற்றையது சற்று வியப்பானது: வலது சொடுக்குக்கு முன் அக்கோப்பை ஒருமுறை இடது சொடுக்கால் தேர்ந்தெடுத்துக்கொள்ளுதல். தேர்ந்தெடுக்கப்பட்ட கோப்பில் வழு தோன்றவில்லை. இதை அறியாத பயனர் பலர் நினைவகம் போதவில்லை என்றோ நச்சுநிரல் புகுந்துவிட்டது என்றோ கருதியிருக்கக்கூடும். அலங்காரத்திற்காகச் சேர்க்கப்பட்ட ஓர் அசைவு, பின்னணியில் நடக்கும் பயனுள்ள பணியைத் தடுத்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

நீக்க மறுக்கும் கோப்புகள்

"கோப்பை நீக்க இயலவில்லை, வேறொருவரோ வேறொரு நிரலோ அதனைப் பயன்படுத்துகின்றது" என்ற பொருளுடைய செய்தியைக் காணாத எக்ஸ்பி பயனர் இருப்பது அரிது. பயனர் எல்லா நிரல்களையும் மூடிய பின்னரும் இச்செய்தி வருவதுண்டு. பல வேளைகளில் அந்த "வேறொரு நிரல்" எக்ஸ்புளோரரே ஆகும்.

ஏவிஐ வகை நிகழ்படக் கோப்புகளில் இது தெளிவாக வெளிப்பட்டது. இத்தகைய கோப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், அதன் நீளம், படச்சட்ட அளவு போன்ற விவரங்களைக் காட்டுவதற்காக எக்ஸ்புளோரர் அக்கோப்பைத் திறந்து படிக்கும். கோப்பு முழுமையாகப் பதிவிறங்காமலோ பழுதடைந்தோ இருந்தால், உள்ளே இருக்க வேண்டிய சுட்டுப்பட்டியல் கிடைக்காது. அதைத் தேடி முழுக் கோப்பையும் படிக்கத் தொடங்குவதால் மையச் செயலி முழுவதும் அதிலேயே ஈடுபடும். அதே வேளையில் கோப்பும் பூட்டப்பட்டிருக்கும். பழுதடைந்த கோப்பை நீக்க விரும்பும் பயனர் முதலில் அதைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுத்ததும் அது பூட்டப்பட்டுவிடும். கட்டளைச் சாளரத்திலிருந்து நீக்குவதும், ஏவிஐ கோப்புகளின் பண்புகளைப் படிக்கும் கூறினைப் பதிவேட்டிலிருந்து அகற்றுவதும் வழக்கமான தீர்வுகளாக இருந்தன.

தம்ஸ்.டிபி என்னும் மறைகோப்பும் இத்தகையதே. படங்கள் உள்ள கோப்புறையைச் சிறுபடத் தோற்றத்தில் திறக்கும்போது, அச்சிறுபடங்களை மீண்டும் மீண்டும் உருவாக்காதிருக்க எக்ஸ்புளோரர் அவற்றை அதே கோப்புறையினுள் இக்கோப்பில் சேமித்து வைத்தது. கோப்புறையை நீக்க முயலும்போது எக்ஸ்புளோரர் இதனைத் திறந்து வைத்திருந்தால் நீக்கம் தடைப்படும். மற்றுமொரு விளைவும் உண்டு. மூலப் படத்தை நீக்கிய பின்னரும் அதன் சிறுபடம் இக்கோப்பினுள் எஞ்சியிருக்கக்கூடும். விண்டோஸ் விஸ்டாவில் சிறுபடங்கள் பயனரின் கணக்குக்குரிய பொது இடமொன்றில் சேமிக்கப்படலாயின.

மூன்றாவது காரணம் பாதையின் நீளம். எக்ஸ்புளோரர் கையாளும் முழுப் பாதை, வட்டின் எழுத்து முதல் இறுதிக் குறி வரை 260 எழுத்துருக்களுக்குள் அடங்க வேண்டும். ஆனால் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை ஏறத்தாழ 32,767 வரை அனுமதிக்கின்றது. ஆழமான கோப்புறை ஒன்றில் கோப்பை வைத்துவிட்டு, பின்னர் மேலே உள்ள கோப்புறையின் பெயரை நீளமாக மாற்றினால் எக்ஸ்புளோரர் மறுப்பதில்லை. ஆனால் உள்ளே உள்ள கோப்பின் பாதை வரம்பைக் கடந்துவிடும். அதன்பின் அக்கோப்பு பட்டியலில் தெரியும். திறக்க வராது, நீக்கவும் வராது. மேற்கோப்புறைக்கு மீண்டும் ஓர் எழுத்துப் பெயரை இடுவதே எளிய தீர்வு.

நகலெடுத்தலில் உள்ள குறைகள்

மேற்கூறியவை எரிச்சலூட்டுபவை மட்டுமே. நகலெடுத்தலில் உள்ள குறைகளால் தரவு இழப்பு நேரக்கூடும்.

எக்ஸ்பி இல் ஆயிரம் ஒளிப்படங்களை ஒன்றாக நகலெடுக்கும்போது இடையில் ஒரு கோப்பில் பிழை நேர்ந்தால், பிழைச்செய்தி ஒன்று தோன்றி முழுப் பணியும் அத்துடன் நிறுத்தப்படும். அக்கோப்பை மட்டும் தவிர்த்துவிட்டு மேலே செல்லும் வசதி இல்லை. எவை நகலெடுக்கப்பட்டன, எவை எஞ்சியுள்ளன என்ற பட்டியலும் தரப்படுவதில்லை. கீறல் விழுந்த குறுவட்டிலிருந்து படங்களை மீட்க முயன்றோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். தவிர்க்கவும் மீண்டும் முயலவும் உரிய பொத்தான்கள் விஸ்டாவிலேயே சேர்க்கப்பட்டன.

அதே பெயருடைய கோப்பு முன்பே இருக்கும்போது தோன்றும் சாளரத்தில் "ஆம்", "அனைத்துக்கும் ஆம்", "இல்லை", "கைவிடு" என நான்கு பொத்தான்கள் இருந்தன. "அனைத்துக்கும் இல்லை" என்பது இல்லை. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு "இல்லை" என்பதைச் சொடுக்கினால் அது அனைத்துக்கும் பொருந்தும். ஆயினும் இவ்வசதி அச்சாளரத்தில் எங்கும் குறிப்பிடப்படவில்லை. நூற்றுக்கணக்கான முறை "இல்லை" எனச் சொடுக்கிச் சலித்த ஒருவர் "அனைத்துக்கும் ஆம்" என்பதைச் சொடுக்கிவிட்டால், புதிய கோப்புகளின் மேல் பழையவை எழுதப்பட்டுவிடும்.

எஞ்சிய நேரத்தைக் காட்டும் மதிப்பீடு சில நொடிகளிலிருந்து பல மணிகளுக்குத் தாவுவது பலரது நகைச்சுவைக்குப் பொருளாயிற்று. அதனினும் நுட்பமான ஒன்றை மார்க் ருசினோவிச் 2008 இல் விளக்கியுள்ளார். எக்ஸ்பி, தரவை முதலில் நினைவகத்திலுள்ள இடைமாற்றுப் பகுதியில் எழுதிவிட்டு, வட்டில் எழுதுவதைப் பின்னர் செய்தது. எனவே முன்னேற்றச் சாளரம் மூடிய பிறகும் எழுதும் பணி முடிந்திராது. அந்நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டால், முடிந்ததாகக் காட்டப்பட்ட நகல் முழுமையாக இராது. விஸ்டா இம்முறையைக் கைவிட்டு, தரவை இடைமாற்றுப் பகுதியின்றி எழுதியது. இதனால் சாளரம் உண்மையைக் காட்டியது. ஆனால் பயனர்கள் இதை வேகக் குறைவாக உணர்ந்து குறை கூறினர். 2008 இல் வெளியான விஸ்டாவின் முதலாவது சேவைப் பொதியில் பெரும்பாலும் பழைய முறைக்கே திரும்ப நேர்ந்தது. உண்மையைக் காட்டும் இடைமுகத்தைவிட விரைவாகத் தோன்றும் இடைமுகம் விரும்பப்பட்டது எனலாம்.

மறைக்கப்பட்ட நீட்சிகள்

விண்டோஸ் 95 முதலாக, அறியப்பட்ட கோப்பு வகைகளின் நீட்சியை எக்ஸ்புளோரர் இயல்பிருப்பாக மறைத்து வந்துள்ளது. இது வழுவன்று, திட்டமிட்ட வடிவமைப்பே. எனினும் இக்கட்டுரையில் கூறப்படும் யாவற்றிலும் மிகுந்த சேதத்திற்குத் துணைபோனது இதுவே. 2000 மே மாதம் பிலிப்பைன்சிலிருந்து உலகெங்கும் மின்னஞ்சல் வழியே பரவிய ஐலவ்யூ நச்சுநிரல், காதற் கடிதம் என்ற பெயருடன் ".டிஎக்ஸ்டி.விபிஎஸ்" என இரண்டு நீட்சிகளைக் கொண்ட இணைப்பாக வந்தது. கடைசி நீட்சி மறைக்கப்பட்டதால், பெறுநருக்கு அது தீங்கற்ற உரைக்கோப்பாகவே தெரிந்தது. திறந்தவர்களின் கணினியில் படக்கோப்புகள் உள்ளிட்ட பலவற்றின் மேல் அந்நிரல் தன்னையே எழுதிக்கொண்டது.

நீட்சிகளைக் காட்டுமாறு அமைப்பை மாற்றினாலும் எல்லாம் வெளிப்பட்டுவிடுவதில்லை. குறுக்குவழிக் கோப்பு போன்ற சில வகைகளுக்குப் பதிவேட்டில் தனிக் குறி இடப்பட்டிருந்ததால் அவற்றின் நீட்சி எப்போதும் மறைந்தே இருந்தது. எக்ஸ்பி காலத்தில் விரலிகள் வழியே இந்தியா உள்ளிட்ட நாடுகளில் பரவிய நச்சுநிரல்கள் சில, கோப்புறையின் படவுருவைத் தாங்கி, "புதிய கோப்புறை" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் வந்தன. நீட்சி தெரியாத நிலையில் அது கோப்புறையா நிரலா எனப் பிரித்தறிவது கடினம். அவற்றுட் சில, மறைகோப்புகளைக் காட்டும் தெரிவையும் முடக்கின. தெரிவை மாற்றியும் அது பழைய நிலைக்கே திரும்புவதைக் கண்டவர்கள் அதனை எக்ஸ்புளோரரின் வழு என்றே நம்பினர்.

பெயரிட இயலாத கோப்புறை

"விண்டோஸில் சி, ஓ, என் என்ற மூன்று எழுத்துகளால் கோப்புறைக்குப் பெயரிட முடியாது, மைக்ரோசாப்ட் குழுவினராலேயே இதற்கு விடை கூற இயலவில்லை, இதனைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்" எனக் கூறும் தொடர் மின்னஞ்சல் ஒன்று 2000களில் இந்தியாவில் பரவலாக வலம்வந்தது. பெயரிட முடியாது என்பது உண்மை. விடை தெரியாது என்பது கட்டுக்கதை. கன்சோல் எனப்படும் விசைப்பலகை, திரை ஆகியவற்றைக் குறிக்கும் கருவிப்பெயர் அது. அச்சுப்பொறி, துணைத் துறை, வெற்றுக் கருவி, தொடர்த் துறைகள், இணைத் துறைகள் ஆகியவற்றின் பெயர்களும் இவ்வாறே ஒதுக்கப்பட்டவை. டாஸ் இயங்குதளத்தின் முதற் பதிப்பில் கோப்புறைகளே இல்லாததால், கருவிப்பெயர்கள் கோப்புப்பெயர்களுடன் ஒரே இடத்தில் இருந்தன. 1983 இல் டாஸ் 2.0 கோப்புறைகளை அறிமுகப்படுத்தியபோது, பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்கும்பொருட்டு அப்பெயர்கள் எல்லாக் கோப்புறைகளிலும் செல்லுபடியாகுமாறு விடப்பட்டன.

இதில் எக்ஸ்புளோரரின் குறை தடையில் இல்லை. தடையை விளக்காமையில் உள்ளது. காரணம் கூறப்பட்டிருந்தால் கட்டுக்கதைக்கு இடமிருந்திராது. விண்டோஸ் 7 இல் "குறிப்பிட்ட கருவிப்பெயர் செல்லாது" என்ற பொருளில் செய்தி தோன்றியது. கட்டளைச் சாளரத்தில் \\.\ என்ற முன்னொட்டுடன் அப்பெயரில் கோப்புறையை உருவாக்க இயலும். ஆனால் எக்ஸ்புளோரரால் பின்னர் அதை நீக்க இயலாது. அதே முன்னொட்டுடன் கட்டளை இட்டே நீக்க வேண்டும். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் இக்கருவிப்பெயர் இருமுறை வரும் பாதையைத் திறந்தால் கணினியே நிலைகுலைந்தது. இதற்கான திருத்தம் 2000 மார்ச்சில் வெளியானது.

புள்ளியில் தொடங்கும் பெயர்களையும் எக்ஸ்புளோரர் நெடுங்காலம் ஏற்கவில்லை. கோப்பு முறைமையில் அதற்குத் தடை ஏதும் இல்லாதபோதும், "கோப்புக்குப் பெயர் தரவேண்டும்" என்ற பிழைச்செய்தியே வந்தது. இணைய வழங்கிகளுக்கான அமைப்புக் கோப்புகள் இவ்வாறு பெயரிடப்படுவதால் வலைத்தள உருவாக்குநர்க்கு இது இடையூறாயிற்று. 2019 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பில் இது சீராக்கப்பட்டது.

மறதியும் நினைவும்

ஒவ்வொரு கோப்புறைக்கும் பயனர் தெரிவுசெய்த தோற்றத்தை எக்ஸ்புளோரர் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. எக்ஸ்பி இன் தொடக்கப் பதிப்பில் இவ்வாறு 400 கோப்புறைகள் மட்டுமே நினைவில் வைக்கப்பட்டன. அதற்கு மேற்பட்டால் பழைய தெரிவுகள் மறக்கப்பட்டன. பதிவேட்டில் ஓர் எண்ணை மாற்றி இவ்வரம்பை உயர்த்தலாம். இதன் மறுபக்கமும் உண்டு. நீக்கப்பட்டுவிட்ட கோப்புறைகளின் பெயர்களும், கழற்றி எடுக்கப்பட்ட விரலிகளில் இருந்த கோப்புறைகளின் பெயர்களும் இக்குறிப்புகளில் எஞ்சியிருக்கும். இதனால் கணினித் தடயவியலாளர் இவற்றைச் சான்றாகப் பயன்படுத்துகின்றனர்.

தமிழ்ப் பெயர்கள்

விண்டோஸ் 2000 முதலே ஒருங்குறித் தமிழுக்கு ஆதரவு உண்டு. ஆயினும் எக்ஸ்பி இல் சிக்கலான வரிவடிவங்களுக்குரிய கோப்புகளைத் தனியே நிறுவினாலன்றி, தமிழ்ப் பெயர்கள் எக்ஸ்புளோரரில் சரியாகத் தெரிவதில்லை. நிறுவிய பின்னரும் ஒருங்குறியை அறியாத பழைய நிரல்களில் அப்பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தோன்றின. கேள்விக்குறி விண்டோஸ் கோப்புப்பெயரில் இடம்பெற இயலாத குறியாகையால், அந்நிரல்களால் அக்கோப்பைத் திறக்கவும் முடியாது.

எக்ஸ்பி இல் உள்ளமைந்த ஜிப் சுருக்க வசதி தமிழ்ப் பெயருடைய கோப்புகளை ஏற்க மறுத்தது. சுருக்கிய கோப்புறையில் பயன்படுத்த இயலாத குறிகள் பெயரில் உள்ளன என்ற செய்தி வந்தது. கட்டுரையையோ பாடக்குறிப்பையோ தமிழில் பெயரிட்டு வைத்தவர், அதைச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டுமெனில் ஆங்கிலப் பெயருக்கு மாற்றியாக வேண்டும். அல்லது வேறொரு நிறுவனத்தின் சுருக்கு மென்பொருளை நாட வேண்டும்.

மேற்கூறிய 260 என்ற வரம்பும் தமிழில் விரைவாக எட்டப்படும். ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. "தமிழ்" என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் மூன்று. எக்ஸ்புளோரர் எண்ணுவது ஐந்து.

பிந்திய நிலை

எக்ஸ்பி க்கு அளிக்கப்பட்டு வந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது. அடுத்தடுத்த பதிப்புகளில் பழைய வழுக்கள் பல நீங்கினும் புதியவை தோன்றின. விண்டோஸ் 7 இல் இடப்பக்கக் கிளைப்பட்டியலில் ஒரு கோப்புறையை விரித்தால், பட்டியல் தானாக உருண்டு அக்கோப்புறை பலகத்தின் அடிப்பகுதிக்குப் போய்விடும். புதிதாக விரிந்த உட்கோப்புறைகளைக் காணப் பயனர் மீண்டும் உருட்ட வேண்டியிருந்தது.

வட்டினை வடிவமைக்கும் சாளரம் எக்ஸ்புளோரரின் வலது சொடுக்குப் பட்டியிலிருந்தே திறக்கப்படுவது. இதனை 1994 இல் உருவாக்கிய டேவ் பிளம்மர், அதனைத் தற்காலிகமான ஒன்றாகவே கருதியதாகப் பின்னர் தெரிவித்தார். ஃபேட்32 வகைக்கு அதில் வகுக்கப்பட்ட 32 கிகாபைட்டு வரம்பு பல்லாண்டுகள் நீடித்தது. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் 11 இன் முன்னோட்டப் பதிப்பொன்றில் கட்டளை வரிக்கு இவ்வரம்பு 2 டெராபைட்டாக உயர்த்தப்பட்டபோது, அச்சாளரத்தின் வரம்பு மாற்றப்படவில்லை.

பழைய ஃபைல் மேனேஜரின் விண்டோஸ் என்டி பதிப்பு 2018 ஏப்ரலில் எம்ஐடி உரிமத்தின்கீழ் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. அதன் மூலநிரலை மாணவர்கள் தரவிறக்கிப் படிக்கலாம். விண்டோஸ் 10 இல் இயங்குமாறும் அது திருத்தப்பட்டுள்ளது.